அந்தப் பொடியனின் அம்மா என்ன சொல்லி அனுப்பினார்?

வாசகர் கேள்வி, ரீச்சர் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. சின்னப் பிள்ளைகளைச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி, அதுவும் வேதக் கதைகளை வைத்து என்று. நத்தார் நெருங்குகிறது, பாடசாலைகளில் கையெழுத்துச் சஞ்சிகை வேலை தொடங்கிவிட்டது போலிருக்கிறது. சரி, மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கிறிஸ்தவப் பாடசாலை ஒன்றில் தரம் 3 படிப்பிக்கிறேன். வகுப்புச் சஞ்சிகை செய்யும்படி அதிபர் சொல்லியிருக்கிறார். நல்ல சமாரியன் கதையைச் சொல்லிவிட்டு எழுதச் சொன்னேன். 34 பிள்ளைகளும் "ஆகவே நாமும் பிறருக்கு உதவி செய்ய வேண்டும்" என்று ஒரே வசனத்தோடு முடித்துத் தந்தார்கள். எங்கே பிழைக்கிறது? (ஆசிரியை, கல்லடி)

பதில்: பிள்ளைகளில் பிழை இல்லை ரீச்சர். கதை முடிந்த கையோடு "இதிலிருந்து நாங்கள் என்ன படிக்கிறோம்?" என்று கேட்டிருப்பீர்கள். அதற்கு இருப்பது ஒரே பதில், அது 34 பேருக்கும் தெரியும், எழுதிவிட்டார்கள். படிப்பினையைக் கேட்டால் படிப்பினைதான் வரும். கதை சொல்லாமல் விட்டுப்போன இடத்தைக் கேட்டுப் பாருங்கள், அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைத்தான் கொண்டுவந்து வைக்கும்.

எனக்குப் பிடித்தது ஐந்து அப்பமும் இரண்டு மீனும், அதை வைத்து இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்த கதை. அந்த அற்புதம் நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிறது, ஆனால் அப்பத்தை வைத்திருந்த பொடியன் யோவானில் மட்டும்தான் வருகிறான், அதுவும் 6ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனத்தில். அந்திரேயா அவனைக் காட்டுகிறார், அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு வார்த்தைகூட அவன் பேசவில்லை. வாற்கோதுமை அப்பம் ஐந்து, சின்ன மீன் இரண்டு. அப்பத்தைக் கட்டிக் கொடுத்தது யார்? மீன் பொரித்ததா, கருவாடா? தா என்று கேட்டபோது உடனே கொடுத்தானா, கையைப் பின்னுக்கு இழுத்தானா? சாப்பிட்டு மிஞ்சியது பன்னிரண்டு கூடை, அதில் ஒன்றையாவது அவன் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனானா? நடந்ததைச் சொன்னபோது அம்மா நம்பினாரா, பொய் சொல்லாதே என்று குட்டு வைத்தாரா?

இவ்வளவையும் ஒரே நாளில் கேட்டுவிடாதீர்கள். முதல் நாள் பென்சிலைத் தொடவே விட வேண்டாம், கதைக்க விடுங்கள். "ரீச்சர், அது பாணா ரொட்டியா?" என்று ஒருவன் கட்டாயம் கேட்பான், அதிலேயே பத்து நிமிஷம் போய்விடும், போகட்டும். பிறகு பக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு இரண்டு இரண்டு பேராகக் கதைக்கட்டும். கடைசியில் ஒரே ஒரு வரி கேளுங்கள்: பொடியன் வாசலைத் தாண்டும்போது அம்மா என்ன சொல்லி அனுப்பினார்?

வகுப்பில் இதைக் கொடுத்தபோது எனக்குக் கிடைத்தவை இவை. "அஞ்சையும் நீயே தின்னாத, தங்கச்சிக்கு ஒண்டு கொண்டு வா." "முள்ளுப் பாத்துத் தின் மனே." "மழை வந்தா கூட்டத்துக்க நிக்காத, உடன வந்திரு." கரைவலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை ஒன்று எழுதியது: "இண்டைக்கு ரெண்டு மீன்தான் பட்டது, ரெண்டையும் உனக்குக் கட்டிட்டன், அப்பாக்குச் சொல்லிராத." அந்த வரியை வாசித்த பிறகு அந்த அற்புதத்தை நானே வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். உள்ளதெல்லாம் அந்த இரண்டு மீன்தான் என்று எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு இப்படி உறைத்ததில்லை.

நீங்கள் எடுத்த சமாரியன் கதையிலும் இடம் இருக்கிறது. அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன், சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான் அல்லவா? அப்படியென்றால் சத்திரக்காரன் கணக்கு வைத்திருக்க வேண்டும். அவனுடைய கணக்குக் கொப்பியை எழுதச் சொல்லுங்கள். திங்கள்: எண்ணெய், காயம் கட்டத் துணி, கஞ்சி. செவ்வாய்: இன்றைக்குக் கண் திறந்தார், தண்ணீர் கேட்டார். யாராவது பனடோல் ஒரு காட் என்று எழுதுவார்கள், வெட்டிவிடாதீர்கள். கதை எழுதத் தெரியாது என்று ஒதுங்குகிற பிள்ளைக்குக்கூடக் கணக்கு எழுத வரும்.

நத்தாருக்கென்றால் மேய்ப்பர்களை எடுங்கள். தூதன் சொன்னதும் எல்லாரும் பெத்லகேமுக்கு ஓடினார்கள், லூக்கா அதைத்தான் சொல்கிறார். மந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள்? வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கத்து எழுவான்கரைப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைப் பெரிதாக எடுக்க மாட்டார்கள். வாவிக்கு மேற்கே, வயலும் காடுமான படுவான்கரையில் பட்டி மாட்டோடு வளர்ந்த பிள்ளை இருந்தால் பாருங்கள், ஒரு பக்கத்தில் நிற்காது. யானை வரும், நரி வரும், ஒரு கன்று காணாமல் போகும், காவலுக்கு விட்டுப்போன தம்பிக்குக் கடைசிவரைக்கும் தொழுவத்துப் பிள்ளையைப் பார்க்கக் கிடைக்காது.

கேள்வி: ஞாயிறு பாடசாலையில் நான் இதுபோல எழுத விட்டதற்கு ஒரு பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார். வேத வசனத்தோடு கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று எழுதியிருக்கிறதே என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. (ஞாயிறு பாடசாலை ஆசிரியர், கல்முனை)

பதில்: அவர் சொல்வதைச் சும்மா தள்ளிவிடாதீர்கள் தம்பி. உபாகமத்திலும் வெளிப்படுத்தலிலும் அப்படித்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு எது வேதம், எது தங்கள் கற்பனை என்று குழம்பக் கூடாது என்ற கவலையும் நியாயம். அதனால் நான் சில ஒழுங்குகள் வைத்திருக்கிறேன். முதலில் வேதாகமத்தைத் திறந்து உள்ளபடியே வாசிப்பது, கதைப் புத்தகத்தில் இருந்து அல்ல. தாளின் மேலே "இது என் கற்பனை" என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குவது. இயேசுவின் வாயில் புது வார்த்தை வைப்பதில்லை. ஓரத்தில் நிற்கிறவர்கள், மிருகங்கள், சாமான்கள் பேசலாம். கழுதை பேசலாம், படகு பேசலாம், கானாவூர்க் கல்யாணத்துக் கற்சாடி தாராளமாகப் பேசலாம்.

அந்தப் பெற்றோரிடம் இன்னொன்றையும் மெல்லக் கேட்டுப் பாருங்கள். வருஷா வருஷம் நத்தார் நாடகத்தில் "இடமில்லை, போ!" என்று கத்துகிற சத்திரக்காரன் எங்கிருந்து வந்தான்? லூக்கா 2இல் சத்திரத்தில் இடமில்லை என்று மட்டும்தான் இருக்கிறது, சத்திரக்காரன் என்று ஒருவனே இல்லை. மூன்று சாஸ்திரிகள் என்று முடி சூட்டி நடக்க வைக்கிறோமே, மத்தேயு எத்தனை பேர் என்று சொல்லவில்லை, மூன்று காணிக்கைகளைத்தான் சொல்கிறார். அவருடைய மகனே அந்த மூவரில் ஒருவனாக நடித்திருக்கக் கூடும், படம் எடுத்து அல்பத்தில் வைத்திருப்பார்.

பெரிய பிள்ளைகள், தரம் 5 மாதிரி, இருந்தால் வேதமே திறந்து வைத்துவிட்டுப் போன முடிவுகளைக் கொடுங்கள். லூக்கா 15இல் இளையவன் திரும்பி வந்துவிட்டான், ஆட்டம் பாட்டம் நடக்கிறது, மூத்தவன் கோபத்தில் வெளியே நிற்கிறான், தகப்பன் வந்து வருந்திக் கூப்பிடுகிறார். அதோடு நின்றுவிடுகிறது. உள்ளே போனானா இல்லையா என்று சொல்லப்படவே இல்லை. யோனாவின் புத்தகம் அதைவிட மோசம், ஆமணக்குச் செடி வாடிப் போனதற்குக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், நினிவேயில் இருக்கிற அத்தனை பேருக்காகவும் அநேக மிருகஜீவன்களுக்காகவும் நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கடவுள் கேட்கிறார், புத்தகம் முடிந்துவிட்டது. யோனா என்ன பதில் சொன்னார்? ஒரு பந்தி எழுதட்டும். மூத்த மகன் உள்ளே போக மாட்டான் என்று எழுதுகிற பிள்ளையையும் விட்டுவிடுங்கள். தம்பி பிறந்த பிறகு வீட்டில் தன்னை யாரும் கவனிப்பதில்லை என்ற கோபமாகக்கூட இருக்கலாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது தரம் 1. பாதிப் பேருக்கு எழுத்தே முழுதாக வராது. இவர்களிடம் ஆக்கம் கேட்பது கொஞ்சம் அதிகமில்லையா? (ஆசிரியை, திருக்கோவில்)

பதில்: எழுத்து வராதே தவிர, கதை வரும். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். ஒரு படம் வரையச் சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "இதில் என்ன நடக்குது?" என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே, அழகுபடுத்தாமல், படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி, விரலை ஒவ்வொரு சொல்லிலும் வைத்துத் திருப்பி வாசித்துக் காட்டுங்கள். தான் சொன்னது தாளில் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் சில பிள்ளைகள் அந்தத் தாளைத் தரமாட்டேன் என்பார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து பேர் போதும், மற்றவர்கள் களிமண்ணோடு இருக்கட்டும்.

சத்தத்தில் இருந்தும் தொடங்கலாம். கண்ணை மூடச் சொல்லி இரண்டு நிமிஷம் கேட்கச் சொல்லுங்கள். திருக்கோவிலில் அலை இருக்கிறது, அதைவிட என்ன வேண்டும்? எங்கள் பக்கம் நான் மட்டக்களப்பு வாவியின் பாடும்மீனை எடுப்பேன். பூரணை இரவில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்கிற கதை எல்லா வீட்டிலும் இருக்கும். 1950களில் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க இயேசு சபைக் குரு லாங் அடிகளார் அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்தார் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னும் ஆவல் வரும். மீன் என்ன பாட்டுப் பாடுது? யாரைக் கூப்பிடுது? ஐந்து வயசுக்காரரிடம் இதற்கு விதம்விதமான பதில்கள் இருக்கும். யோனாவை விழுங்கின மீனும் பாடியிருக்குமா என்று அடுத்த நாள் கேளுங்கள். வயிற்றுக்குள் ஆள் இருந்தால் எப்படிப் பாடுவது என்று என்னைத் திருப்பிக் கேட்ட பிள்ளையும் உண்டு.

கேள்வி: நாங்கள் சைவம். மகன் மிஷன் பெயருள்ள பாடசாலையில் படிக்கிறான். "கடவுளுக்கு நன்றி சொல்லி ஒரு சங்கீதம் எழுதி வா" என்று வீட்டுவேலை கொடுத்திருக்கிறார்கள். எழுத விடலாமா, ரீச்சரிடம் போய்க் கேட்பதா? (தகப்பன், வாழைச்சேனை)

பதில்: இரண்டையும் செய்யுங்கள். இங்கே பாடசாலையில் சமய பாடம் அவரவர் சமயத்தில்தான். நம் பக்கம் மிஷன் பெயரோடு இருக்கிற பல பாடசாலைகள் 1960, 1961 சட்டங்களுக்குப் பிறகு அரசாங்கப் பாடசாலைகளாகிவிட்டன. ஆகவே கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்கும்போது சண்டைக்குப் போகிற மாதிரிப் போக வேண்டாம், அவ்வளவுதான். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. இப்படியான பாடசாலைகளின் வாங்குகளில் வேறு சமயத்துப் பிள்ளைகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்துத்தான் பிறகு இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இனி ரீச்சர்மாருக்கு. இந்த வேலைக்கு 136ஆம் சங்கீதம் நல்ல சட்டம், கத்தோலிக்கர் திருப்பாடல் 136 என்பார்கள். 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடிகிறது. பின்பாதியை வகுப்பே சேர்ந்து சொல்லும், முன்பாதியை மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் எழுத வேண்டும். வானம், சூரியன், சந்திரன் என்று தொடங்குகிற அந்தப் பாட்டிலேயே சீகோன் ராஜா, ஓக் ராஜா என்று ஆட்பேர் வருகிறதைக் காட்டுங்கள். அவர்கள் ஊர் ஆட்பேர் வரலாமென்றால் எங்கள் ஊர் வரக் கூடாதா? "மழைக்கும் பாடசாலைக்குக் கொண்டுவந்து விட்ட ஓட்டோ மாமாவுக்காக", "யானை எங்கட வயலுக்க இறங்காமப் போனதுக்காக" என்று வரும். சைவப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ இருந்தால் பின்பாதியை "நன்றி, நன்றி" என்று வைத்துக்கொள்ளலாம், அல்லது தன் வீட்டில் சொல்கிற மாதிரி ஒரு வரியைத் தானே தெரிவு செய்யட்டும். பாட்டு கெடாது.

கேள்வி: மகள் பேசுகிற மாதிரியே எழுதுகிறாள். "மறுகா அவர் போயிற்றார்" என்றெல்லாம். ரீச்சர் திருத்துவதே இல்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது சரிவருமா? (அம்மா, மட்டக்களப்பு)

பதில்: எந்தத் தரம் என்று எழுதவில்லையே தங்கச்சி. தரம் 2 என்றால் கவலையே வேண்டாம். தரம் 4, 5 என்றால் ரீச்சர் இரண்டு கொப்பி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், ஒன்று சிவப்பு மை படுகிறது, மற்றது படாதது. மொழிப் பயிற்சிக் கொப்பியில் "பிறகு அவர் போய்விட்டார்" என்று எழுதிப் பழகட்டும். கதைக் கொப்பியில் ஆட்கள் வாய் திறக்கிற இடமெல்லாம் அவள் காதால் கேட்டபடியே இருக்கட்டும். அம்மம்மா ஏடுபோலப் பேசினால் அது அம்மம்மாவாக இருக்காது. திருத்துவதென்றால் ஒரு தடவைக்கு ஒரு விஷயம், ஒருநாள் முற்றுப்புள்ளி, இன்னொருநாள் ல, ள, ழ. பக்கம் முழுவதும் சிவந்து வீட்டுக்கு வந்தால் அடுத்த முறை அவள் தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்துத்தான் எழுதுவாள்.

கேள்வி: "கடவுளுக்கு ஒரு கடிதம்" என்று தரம் 5க்குக் கொடுத்தேன். ஒரு பிள்ளை 2019 உயிர்த்த ஞாயிறு அன்று குடும்பத்தில் நடந்த இழப்பைப் பற்றி எழுதி, "ஏன் பாத்துக்கொண்டு இருந்தீங்கள்?" என்று முடித்திருக்கிறது. தாளை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் மேசைக்குள் வைத்திருக்கிறேன். (ஆசிரியை, மட்டக்களப்பு)

பதில்: இன்றைக்கே எடுத்துக் கொடுங்கள். நாள் போகப் போக, எழுதியது பிழை என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடும். 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போது சின்னஞ்சிறுசாக இருந்த பிள்ளைகளும், பிறகு பிறந்தவர்களும் இதை வீட்டில் கேட்டுக் கேட்டே வளர்கிறார்கள்.

அந்தத் தாளில் எழுத்துப் பிழை திருத்த வேண்டாம், புள்ளி போட வேண்டாம், பக்க ஓரத்தில் கடவுளுக்காக நீங்கள் பதில் எழுதவும் வேண்டாம். "வாசித்தேன், நீ எழுதினது நல்லது, நாங்கள் கதைப்போமா?" என்று உங்கள் கையால் எழுதுங்கள். தனியாக இருக்கும்போது 13ஆம் சங்கீதத்தைத் திறந்து முதல் வரியைக் காட்டலாம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இப்படிக் கேட்டது தான் மட்டுமல்ல என்று பிள்ளைக்குத் தெரியட்டும், அதற்கு மேல் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். சுவரில் ஒட்டுவதோ, காலைக் கூட்டத்தில் வாசிப்பதோ, சஞ்சிகையில் போடுவதோ கூடவே கூடாது. நன்றாக இருக்கிறதே என்ற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பிள்ளையும் வீட்டாரும் தாங்களாகக் கேட்டால் அது வேறு. நித்திரை, சாப்பாடு, விளையாட்டு மாறியிருந்தால் வீட்டாரோடு பேசி ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ காட்டுங்கள்.

தலைப்புக் கொடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். "என்னால் மறக்க முடியாத நாள்" நம் மாவட்டத்தில் சும்மா போகிற போக்கில் கொடுக்கிற தலைப்பில்லை. டிசம்பர் வந்தால் சுனாமியைப் பற்றி எழுதச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. தானாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாகக் கேட்க வேண்டாம்.

கேள்வி: தமிழ்த்தினப் போட்டிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைக்கலாமா? (பெற்றோர், அக்கரைப்பற்று)

பதில்: வைக்கலாம். பரிசு கிடைத்தால் மேடைக்கு நீங்களே ஏறுங்கள்.

கேள்வி: கடைசியில் சஞ்சிகைக்கு யாருடைய ஆக்கத்தைத் தெரிவுசெய்வது? 40 பிள்ளைகள், போட்டோக்கொப்பி அடிக்கக் காசும் குறைவு. (அருட்சகோதரி, மட்டக்களப்பு)

பதில்: எல்லாருடையதும் வர வேண்டும் சிஸ்டர், நாலு கெட்டிக்காரப் பிள்ளைகளின் சஞ்சிகையை மற்ற 36 பேரும் ஏன் வாசிக்க வேண்டும்? முழு ஆக்கத்தையும் போடாதீர்கள், ஒரு பிள்ளைக்கு நல்ல வரி ஒன்றோ இரண்டோ. எந்த வரி என்று பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் நினைத்த வரியாக அது இருக்காது. ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம், பக்கத்துக்கு நாலு பிள்ளை என்றால் மூன்று தாளில் அட்டையும் சேர்த்து முடிந்துவிடும். கறுப்புப் பேனையால் அவர்கள் கையாலேயே எழுதட்டும், பென்சில் போட்டோக்கொப்பியில் விழாது. அட்டைக்கு மட்டக்களப்பு வாயில் பக்கத்தில் நிற்கிற ஓல்ட் பாதிரியாரின் சிலையை யாராவது வரையட்டும், உள்ளே சிலைக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதுகிற ஒரு மூலையும் வைக்கலாம், வெயிலில் நிற்கிறீர்களே குடை வேணுமா என்ற மாதிரி. பிறகு தையல் ஊசியும் நூலும் கொண்டு நடுவில் மூன்று தையல் போடுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், எங்கள் கடற்கரைக் காற்றுக்கு அடுத்த நத்தாருக்கு முன்னமே துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும்.